பங்கு, குத்தகை, கவுல்: சென்னைப்பட்டின நிர்வாகம் குறித்து உள்நாட்டு அதிகாரிகளும் ஆங்கில வணிகரும் நடத்திய கடிதப் போக்குவரத்து (1639–1752)

ஆய்வுச் சுருக்கம்

17ஆம் நூற்றாண்டில் சென்னைப்பட்டினத்தின் வருவாய், சுங்கம், நீதி ஆகியவை குறித்து நாயக்கர், கோல்கொண்டா, முகலாய அதிகாரிகளுக்கும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகர்களுக்கும் இடையே நீண்ட கடிதப் போக்குவரத்து நடைபெற்றது. கம்பெனியின் பதிவேடுகளைப் பின்பற்றிய வரலாற்றாசிரியர் பலர், உள்நாட்டு அதிகாரிகளின் கோரிக்கைகளைப் பணம் பறிக்கும் முயற்சிகளாகவே கண்டனர். அக்கோரிக்கைகளின் மையத்தில் இருந்தது பட்டினத்தின் கணக்கைப் பார்வையிடும் உரிமையே என்றும், பாதிப் பங்கு நிலையான குத்தகையாக மாறியபோது அவ்வுரிமை கைநழுவியது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. கவுல் என்னும் ஆவணத்தின் ஆயுள் பற்றி இரு தரப்பும் கொண்டிருந்த வேறுபட்ட புரிதலே பூசலைத் தொடரச் செய்தது என்பதும் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சென்னைப்பட்டினம், கவுல், அவல்தார், கோல்கொண்டா, பூந்தமல்லி, கிழக்கிந்தியக் கம்பெனி, சுங்கம்

முன்னுரை

சென்னை நகரின் தோற்றத்தை விளக்கும் நூல்கள் 1639ஆம் ஆண்டின் நிலக்கொடையிலிருந்து தொடங்கி, கோட்டையின் எழுச்சி, நகரின் விரிவு என நேர்க்கோட்டில் செல்வது வழக்கம். அந்நிலக்கொடைக்குப் பின் நூறாண்டுக்கும் மேலாக அந்நகரம் பிறிதோர் அரசின் நிலத்தில் இருந்தது என்பதும், அதற்காகக் கம்பெனி ஆண்டுதோறும் பணம் செலுத்தி வந்தது என்பதும் அவ்விவரிப்பில் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றன. பட்டினத்தின் நிர்வாகம் யாருக்குரியது என்ற வினா அக்காலத்தில் முடிந்த ஒன்றாக இருக்கவில்லை. கடிதம் எழுதிய இரு தரப்பினரும் அதனை அறிந்திருந்தனர்.

கடிதங்களும் அவை எஞ்சிய வடிவமும்

உள்நாட்டு அதிகாரிகளின் கடிதங்கள் பாரசீகம், தெலுங்கு, தமிழ் ஆகிய மொழிகளில், தாளிலும் ஓலையிலும் கோட்டைக்கு வந்தன. துபாஷிகளும் கம்பெனியின் ஊழியத்தில் இருந்த பிராமண எழுத்தர்களும் அவற்றை மொழிபெயர்த்தனர். புனித ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்பிலும் ஆலோசனைப் பதிவேடுகளிலும் அவை ஆங்கில மொழிபெயர்ப்பாகவோ சுருக்கமாகவோ இடம்பெற்றன. இப்பதிவேடுகளை ஆதாரமாகக் கொண்டே டால்பாய்ஸ் வீலர் 1861இலும், எச். டி. லவ் 1913இலும் பழைய சென்னை குறித்த தம் நூல்களை வெளியிட்டனர்.

ஆகவே, பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு கடிதத்தை இன்று வாசிப்பவர், அதனைப் பெற்றவரின் மொழியிலும் பெரும்பாலும் அவரது மதிப்பீட்டோடும் சேர்த்தே வாசிக்கிறார். வருவாய்க் கோரிக்கை ஒன்று 'மிரட்டல்' என்றும், அன்பளிப்பு 'கையூட்டு' என்றும் பதிவு பெறும்போது, அச்சொற்கள் கடிதத்தை எழுதியவருடையவை அல்ல என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கோரிக்கையின் பொருளையும் அதற்குரிய நிர்வாகச் சூழலையும் பதிவாளரின் மதிப்பீட்டிலிருந்து பிரித்தறிவதே இங்கு மேற்கொள்ளப்படும் முறையாகும்.

பாதிப் பங்கு: 1639–1658

ஆர்மகான் பண்டகசாலையில் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1639இல் தாமர்ல வெங்கடப்ப நாயக்கரிடமிருந்து சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டவும் வாணிகம் செய்யவும் உரிமை பெற்றார். வெங்கடப்பர் விசயநகர அரசரின் கீழ் வந்தவாசியை மையமாகக் கொண்டு ஆண்டவர். அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தார். இரண்டாண்டுகளுக்குப் பட்டினத்தின் வருவாய் முழுவதும் ஆங்கிலேயருக்கு உரியது. அதன் பின்னர்ச் சுங்கமும் பிற வருவாயும் இரு தரப்புக்கும் சரிபாதி என்பது உடன்பாட்டின் முக்கியக் கூறாகும்.

ஆவணத்தை இரு தரப்பும் வெவ்வேறாகப் பொருள்கொள்வது தொடக்கத்திலேயே நேர்ந்தது. கோட்டைக்கான செலவை நாயக்கர் ஏற்பார் என்று ஆங்கிலேயர் எண்ணியிருந்தனர். 1640 பிப்ரவரியில் ஆண்ட்ரூ கோகனும் டேயும் வந்து பணியைத் தொடங்கியபோது அவ்வாறு தாம் உறுதியளிக்கவில்லை என நாயக்கர் தரப்பு மறுத்தது. ஒரு மொழியில் சொல்லப்பட்டது மற்றொரு மொழியில் எழுதப்படும்போது எழும் இச்சிக்கல் பின்னாளைய கடிதங்களிலும் தொடர்ந்தது.

'சரிபாதி' என்னும் சொல் இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. பாதியைப் பெறுபவர் முழுமையை அறிந்திருக்க வேண்டும். எத்தனைக் கப்பல் வந்தது, எவ்வளவு துணி ஏற்றப்பட்டது, சுங்கச் சாவடியில் எவ்வளவு தண்டப்பட்டது என்னும் கணக்கைப் பார்வையிடாமல் பங்கைக் கோர இயலாது. எனவே பங்கு முறை என்பது பட்டின நிர்வாகத்தில் உள்நாட்டு அரசுக்கு ஓர் இருக்கையை அளித்தது எனலாம். ஊர் நிர்வாகமும் பழைய அமைப்பிலேயே நின்றது. சாவடியில் அதிகாரி வழக்குகளைத் தீர்த்தார். கணக்கப்பிள்ளை கணக்கு எழுதினார். பெத்த நாயக்கர் காவலை நடத்தினார்.

1645இல் சந்திரகிரியில் ஆண்ட மூன்றாம் ஸ்ரீரங்கர், ஹென்றி கிரீன்ஹில் என்பவருக்குப் புதிய கொடையை வழங்கி முந்தைய உரிமைகளை உறுதிசெய்தார். விரைவில் இப்பகுதி கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லாவின் வசமாகவே, 1647இல் அவரும் அவ்வுரிமைகளை ஏற்றார். பின்னர்க் கம்பெனியார் மீர் ஜும்லாவின் கப்பலொன்றைக் கைப்பற்றியதால் பகை மூண்டு, அவருடைய ஆட்கள் கோட்டையை முற்றுகையிட்டனர். 1658இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, சுங்கத்தின் பாதிக்கு ஈடாக ஆண்டுக்கு 380 வராகன் செலுத்துவதெனக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

அவல்தார் குறித்த கோரிக்கையும் 1672 கவுலும்

380 வராகன் என்னும் தொகை 1658இன் வாணிக நிலைக்கு ஏற்ப அமைந்தது. பட்டினம் வளர வளர அத்தொகைக்கும் சுங்க வருவாய்க்கும் இடையிலான தொலைவும் வளர்ந்தது. கர்நாடகப் பகுதியின் கோல்கொண்டா ஆளுநரான நவாப் நெக்னாம் கான், 1660களில் இதனைச் சுட்டிக் கூடுதல் தொகை கோரினார். பட்டினத்தில் கோல்கொண்டாவின் அவல்தார் ஒருவரை அமர்த்தவும் முயன்றார்.

பணக் கோரிக்கையும் அவல்தார் கோரிக்கையும் வெவ்வேறானவையாகத் தோன்றினும் ஒரே நோக்கத்தின் இரு முகங்களே. அவல்தார் சாவடியில் அமர்ந்தால் வரவு தெரியும்; வரவு தெரிந்தால் பங்கைக் கணிக்கலாம். கம்பெனியாரும் இதனை நன்குணர்ந்திருந்தனர். தொகையை உயர்த்துவதற்கு அவர்கள் இறுதியில் இசைந்தனர்; அவல்தாரை ஏற்க மட்டும் இசையவில்லை.

1672 பிப்ரவரியில் சர் வில்லியம் லாங்ஹார்னுக்கு நெக்னாம் கான் அளித்த கவுல் இப்பூசலுக்கு ஒரு தீர்வைத் தந்தது. முந்தைய நிலுவைகள் அனைத்துக்குமாக 11,000 வராகன் செலுத்தப்பட்டது. ஆண்டுக் குத்தகை 1,200 வராகன் என வரையறுக்கப்பட்டது. அதற்கு ஈடாகப் பட்டினம் என்றென்றைக்கும் ஆங்கிலேயர் வசம் இருக்கும் எனவும், அங்கு அவல்தாரோ திவானின் ஆட்களோ அமர்த்தப்படமாட்டார்கள் எனவும் உறுதியளிக்கப்பட்டது. 1676இல் சுல்தான் அபுல் ஹசன் குத்ப் ஷாவின் பர்மான் இதனை வலியுறுத்தியது.

தொகை மும்மடங்குக்கும் மேலாக உயர்ந்தது உண்மையே. ஆயினும் இக்கவுலால் கோல்கொண்டா அதிகாரிகள் பெற்றதைவிட இழந்ததே மிகுதி. நிலையான குத்தகைக்குக் கணக்கு தேவையில்லை. கணக்கு தேவையில்லையெனில் கணக்கைக் காணும் அதிகாரியும் தேவையில்லை. இதன் விளைவு ஆறாண்டுகளில் வெளிப்பட்டது. 1678இல் ஆளுநர் ஸ்ட்ரேன்ஷம் மாஸ்டர் சாவடி நீதிமன்றத்தைச் சீரமைத்து ஆங்கில நீதிபதிகளை அமர்த்தினார். ஆளுநரும் ஆலோசனைக் குழுவும் கூடிய மேல்நீதிமன்றம் ஒன்றையும் நிறுவினார். 1688இல் கம்பெனியின் சாசனப்படி நகராட்சி தொடங்கப்பட்டது. நிலம் கவுலால் பெறப்பட்டது. நிர்வாகத்தின் அதிகாரமோ இலண்டனிலிருந்து பெறப்பட்டதாகக் காட்டப்பட்டது.

பூந்தமல்லி இலிங்கப்பாவின் நெருக்குதல்

1670களின் பிற்பகுதியில் பூந்தமல்லிச் சீமையின் நிர்வாகம் பொதிலி இலிங்கப்பாவிடம் இருந்தது. கோல்கொண்டாவின் ஆட்சி அப்போது அமைச்சர் மாதண்ணா, அவர் தமையன் அக்கண்ணா ஆகியோரின் கையில் இருந்தது. தமக்குரிய மரியாதைகளும் அன்பளிப்புகளும் முறையாக வரவில்லை என இலிங்கப்பா குறைகூறினார். கம்பெனி இணங்காதபோது பட்டினத்திற்குச் செல்லும் சரக்குகளையும் உணவுப் பொருள்களையும் தடுத்தார்.

இலிங்கப்பாவைப் பேராசை கொண்ட அதிகாரியாகச் சித்திரிப்பது எளிது. அவருடைய நிலையை அக்கால வருவாய் முறையோடு பொருத்திப் பார்த்தால் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. கோல்கொண்டாவில் சீமைகளின் வருவாய் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைதாரர் குறித்த தொகையைத் தலைநகருக்குச் செலுத்தியாக வேண்டும்; தவறினால் பதவியும் செல்வமும் போகும். நெசவாளரும் வணிகரும் சென்னைப்பட்டினத்திற்குக் குடிபெயர்ந்தால் பூந்தமல்லியின் வரவு குறையும். அவ்வாறு குறைந்ததை ஈடுசெய்யப் பட்டினத்தின் 1,200 வராகனை உயர்த்தவும் வழியில்லை. கவுல் அதனைப் பூட்டிவிட்டது. உயர்த்தக்கூடியதாக எஞ்சியது அன்பளிப்பு ஒன்றே. ஆகவே 1672க்குப் பின் கடிதங்களில் அன்பளிப்பு பற்றிய பேச்சு பெருகுவதை, மறுக்கப்பட்ட குத்தகை உயர்வின் மாற்று வடிவமாகக் கொள்ளலாம்.

கம்பெனி இதற்கு எதிர்வினையாகக் கையாண்ட வழி, அதிகாரியைத் தாண்டி அவருக்கு மேலுள்ளவருக்கு எழுதுவதாகும். கோல்கொண்டாவில் கம்பெனியின் முகவராக இருந்த வீரராகவர் என்னும் பிராமணர் வாயிலாக மாதண்ணாவிடம் முறையீடுகள் சென்றன. அரசவையின் நிலவரமும் அமைச்சர்களின் மனப்போக்கும் அவர் கடிதங்கள் வழியே கோட்டைக்குத் தெரியவந்தன. சீமை அதிகாரியின் உரிமையைத் தலைநகரின் பர்மானால் முறியடிப்பதும், தலைநகர் தொலைவில் உள்ளதெனக் கூறிச் சீமை அதிகாரியோடு தனியே பேரம் பேசுவதும் கம்பெனியின் கடித உத்தியில் ஒருங்கே இடம்பெற்றன.

கவுலின் ஆயுள்

கம்பெனியின் வாதம் 'என்றென்றைக்கும்' என்னும் சொல்லைச் சார்ந்திருந்தது. கவுல் நிலையான ஒப்பந்தம். அளித்தவர் மாறினாலும் அது மாறாது என்பது அவர்கள் நிலைப்பாடு. உள்நாட்டு நிர்வாக மரபிலோ கவுல், அளித்தவரின் வாக்குறுதி. புதிய அதிகாரி பொறுப்பேற்கும்போது அது புதுப்பிக்கப்படும். புதுப்பித்தலின் அடையாளமாக அன்பளிப்பும் அதற்கு எதிராகத் தஷ்ரீப்பும் வழங்கப்படும்.

இவ்விரு நிலைப்பாடுகளில் கம்பெனி தன் கூற்றுக்குத் தானே முரணாக நடந்தது. 1645, 1647, 1672, 1676 என ஆட்சியும் அதிகாரியும் மாறும்போதெல்லாம் அது உறுதிப்பாட்டை நாடியது. 1687இல் கோல்கொண்டா அவுரங்கசீப்பிடம் வீழ்ந்த பின், 1690இல் சுல்பிகர் கானிடமிருந்து புதிய கவுலைப் பெற்றது. நிலைபேறுடைய ஆவணத்திற்கு இத்தனைப் புதுப்பித்தல்கள் தேவைப்பட்டிரா. எழுத்தில் நிலைபேற்றை வலியுறுத்திய கம்பெனி, நடைமுறையில் உள்நாட்டு மரபையே பின்பற்றியது.

முகலாய அதிகாரிகள் காலத்திலும் இம்முரண் தீரவில்லை. 1702இல் தாவுத் கான் பட்டினத்தை மூன்று மாதங்கள் அளவில் முற்றுகையிட்டார். தாமஸ் பிட் தலைமையிலான கம்பெனி 25,000 ரூபாய் அளிக்க ஒப்பிய பின்னரே முற்றுகை நீங்கியது. அதே தாவுத் கான் 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்களைக் கம்பெனிக்கு அளித்தார். சில ஆண்டுகளிலேயே உள்ளூர் அதிகாரிகள் அவ்வூர்களைத் திரும்பக் கோரினர். 1717இல் பேரரசர் பரூக்சியரின் பர்மான் கிடைத்த பிறகே கம்பெனியால் அவற்றை உறுதியாகக் கைக்கொள்ள முடிந்தது. அளித்தவரின் செல்வாக்கோடு கவுலின் வலிமையும் குறைந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1,200 வராகன் மட்டும் மாறவில்லை. 1752இல் நவாப் முகமது அலி அதனைத் தள்ளுபடி செய்யும்வரை எண்பது ஆண்டுகள் அத்தொகை அப்படியே நின்றது. அப்போது நவாப் கம்பெனியின் படை உதவியை நம்பியிருந்தார். கணக்கைக் காணும் உரிமை 1672இல் போயிற்று; குத்தகை பெறும் உரிமை 1752இல் போயிற்று.

முடிவுரை

சென்னைப்பட்டின நிர்வாகம் குறித்த கடிதப் போக்குவரத்தில் உள்நாட்டு அதிகாரிகள் எழுப்பிய கேள்வி, எவ்வளவு பணம் என்பதைவிட யார் கணக்கு என்பதாகவே இருந்தது. நெக்னாம் கானின் அவல்தார் கோரிக்கையும் இலிங்கப்பாவின் அன்பளிப்புக் கோரிக்கையும் தனிமனிதப் பேராசையால் மட்டும் விளக்கத்தக்கவை அல்ல. கைநழுவிய மேற்பார்வையை வெவ்வேறு வழிகளில் மீட்க முயன்றவை அவை. நிலையான குத்தகை என்பது வணிகர்க்கு வசதியான எளிய ஏற்பாடாகத் தோன்றினும், அரசின் கண்ணைப் பட்டினத்திலிருந்து அகற்றிய கருவி அதுவே.

கம்பெனியின் ஆவணங்களை நாம் தவிர்க்க இயலாது. தென்னிந்தியச் சீமை நிர்வாகத்தைப் பற்றிய செய்திகள் அவற்றில் செறிந்துள்ளன. ஆயினும் அவற்றிலுள்ள கடிதங்களைப் பெற்றவரின் குறிப்போடு நிறுத்திவிடாமல், எழுதியவர் எந்த வருவாய்ப் பொறுப்பில் இருந்து எழுதினார் என்பதையும் சேர்த்து ஆராய வேண்டும். அவ்வாறு ஆராயும்போது சென்னையின் தொடக்க வரலாறு ஒரு கோட்டையின் வளர்ச்சிக் கதையாக மட்டும் அமையாமல், ஒரு சீமையின் அதிகாரிகள் தம் கணக்குப் புத்தகத்திலிருந்து ஓர் ஊரைப் படிப்படியாக இழந்த வரலாறாகவும் விளங்கும்.