தென்னிந்தியத் திருச்சபையும் அத்தியட்சர் பதவியும்

கிரேக்க மொழியில் 'எபிஸ்கொபோஸ்' என்னும் சொல் மேற்பார்வை செய்பவரைக் குறிப்பது. தமிழ் விவிலியம் அதனைக் 'கண்காணி' எனப் பெயர்த்தது. தேயிலைத் தோட்டங்களில் ஆள் திரட்டி வேலை வாங்கியவனுக்கும் அப்பெயரே வழங்கியது. திருச்சபை வழக்கிலோ அத்தியட்சர், பேராயர் என்னும் சொற்களே நிலைபெற்றன.

இப்பதவியின் அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்பதே வழக்கு. அப்போஸ்தலர் காலந்தொட்டு அத்தியட்சர் கைவைத்து அருளுவதால் வழிவழியாக வருவது என்பது ஆங்கிலிக்கருள் ஒரு சாராரின் உறுதியான கொள்கை. சபையார் கூடி அழைப்பதே போதும் என்றனர் சபையாட்சியினர். பிரஸ்பிட்டேரியர் அதனை மூப்பர் மன்றத்திடம் வைத்தனர். பின்னிரு மரபினரும் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தனர்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். கையெழுத்திட்ட 33 பேரில் இருவர் தவிர ஏனையோர் இந்தியர். தாம் உண்டாக்காத, மேலைநாட்டு வரலாற்றில் விளைந்த பிரிவினைகளைத் தாம் சுமப்பதேன் என்பது அவர்தம் வினா. இவ்வினாவின் பின்னணியில் மிஷனரிமாரின் மேலாண்மையும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்க அத்தியட்சராகித் தோர்ணக்கல்லில் பணியாற்றிய வே. ச. அசரியா, 1910இலேயே எடின்பரோ மாநாட்டில் அம்மேலாண்மையை வெளிப்படையாகச் சுட்டியவர். வரலாற்றில் தொடர்ந்துவரும் அத்தியட்சர் பதவியை ஏற்பது, ஆனால் அதற்குரிய விளக்கக் கோட்பாடு எதனையும் ஒருவர்மீதும் திணிக்காதிருப்பது என்பதே தரங்கம்பாடித் தீர்வு. பதவியைக் கொண்டு கோட்பாட்டை விட்டமை துணிவான செயலே எனலாம்.

ஆயினும் பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. அத்தியட்சரால் அபிஷேகம் பெறாத போதகர்களுக்கு மீண்டும் அபிஷேகம் செய்ய வேண்டுமா? செய்வதாயின், அவர்கள் அதுவரை வழங்கிய திருவிருந்து பொய்யென்றாகும். இதற்கு அவர்கள் இசையவில்லை. முடிவில், முன்னைய போதகர் அனைவரும் அவ்வாறே ஏற்கப்பெற்றனர்; இனி வருவோர் மட்டும் அத்தியட்சரால் அபிஷேகம் பெறுவர் என வகுக்கப்பட்டது. அத்தியட்சரும் தம் விருப்பப்படி ஆள்பவரல்லர். மண்டலப் பேரவையும் சினாடும் இணைந்து தெரிவு செய்ய, அமைப்பு விதிகளுக்குட்பட்டே நடப்பவர்.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இத்திட்டத்தைக் கண்டித்து நூலே எழுதினார். நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் பலர் இணைய மறுத்தனர்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் திருச்சபை உதயமானது. 1945 சனவரி முதல் நாளில் மறைந்த அசரியா அதனைக் காணவில்லை. மறு ஆண்டு இலண்டனில் கூடிய லாம்பெத் மாநாட்டு அத்தியட்சர்கள், புதிய சபையில் அபிஷேகம் பெற்றோரை ஏற்பதில் ஒருமனப்படவில்லை.