அருகுதலும் அறுதலும்

உயிரினமொன்று உலகில் ஒன்றேனும் எஞ்சாது முடிவுறுதலை ஆங்கிலேயர் 'எக்ஸ்ரிங்ஷன்' என்பர். தீயை அவித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்று பிறந்தது இச்சொல். முதற்கண் விளக்கை நூர்த்தலைக் குறித்த அது, பின்னர் வாரிசின்றி முடிந்த குடிகளையும் பட்டங்களையும் குறித்தது. உயிரினங்களுக்கு வழங்கலானது அதற்கும் பிற்பட்ட காலத்தேயாகும்.

உயிரினமொன்று முற்றாக மறையக்கூடும் என்பதைப் 18 ஆம் நூற்றாண்டின் அறிஞர் பலர் ஒப்பினாரல்லர். 1796 இல் பாரிஸ் நகரில் குவியே என்னும் அறிஞர், ஒல்லாந்தில் சேர்த்துவைக்கப்பட்டிருந்து பிரான்சியர் கைக்கு வந்த யானை மண்டையோடுகளை ஆராய்ந்தார். ஒன்று இலங்கையினது, மற்றது ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையினது. இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பதையும், சைபீரியாவிற் புதையுண்ட 'மாமத்' அவ்விரண்டினின்றும் வேறானது என்பதையும் அவர் நிறுவினார். அவ்வினம் எங்கும் உயிரோடில்லை என்பது அவர் கண்ட முடிபு. இவ்வாறு, இனங்கள் அற்றுப்போகும் என்ற உண்மை நிலைபெறுதற்கு இலங்கை யானையும் ஒரு சான்றாயிற்று.

அதன் பின் அரை நூற்றாண்டு கழியுமுன்னரே அந்த யானைக்கு ஊவாவில் நேர்ந்தது யாது? பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என எமர்சன் டெனன்ற் எழுதியுள்ளார். 1845 இல் அப்புத்தளையில் இடிவிழுந்து ரோஜர்ஸ் மாண்டார். எனினும் பழி ஒருவர் மீது மட்டும் சுமத்தற்குரியதன்று. பயிரைக் காக்கவென யானைகளைக் கொல்வோர்க்கு அரசு பரிசளித்தது; கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் வெட்டுண்டன. 1869 இல் மடுல்சீமையில் முதன்முதற் காணப்பட்ட இலைநோயாற் கோப்பி வீழ்ந்தது. அந்நிலத்திற் காடு மீளவில்லை, தேயிலையே வந்தது.

இவ்விடத்துத் தமிழ்ச் சொற்கள் தெளிவு தருகின்றன. 'அழிவு' என்னும் சொல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். 'அருகுதல்' குறைதலையும், 'அறுதல்' எஞ்சாமையையும் உணர்த்தும். சந்ததி அற்றது என்னும் வழக்கும் இதுபற்றியதே. பெருந்தோட்டப் பயிராயிருந்த கோப்பி அருகிற்று. அற்றதன்று, வீட்டுத் தோட்டங்களில் இன்றும் காய்க்கிறது. பதுளையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் யானைக்கூட்டங்கள் அற்றன. அதே ஊவாவின் தாழ்நிலமாகிய மொனராகலைப் பகுதியில் அவை இன்றும் வாழ்கின்றன.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2023 ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்டவை இறந்தன. துப்பாக்கிச் சூடும் மின்வேலியும் வெடிபொருளும் அவற்றுட் பலவற்றுக்குக் காரணமாயின. அதே மோதலில் உயிரிழந்த உழவர்களும் பலர்.

அவிந்த விளக்கை மீண்டும் ஏற்றலாம். அற்ற மரபைத் தொடுத்தல் இயலாது. ஆதலின் பிறமொழிச் சொல்லின் உவமையினும் தமிழ்ச் சொல்லின் உவமையே உண்மைக்கு அண்மையது. மலையில் நிகழ்ந்ததற்குப் பெயர் அறுதல். சமவெளியில் நிகழ்வதற்கு இன்றுவரை பெயர் அருகுதலே. இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட காலமே மனிதர்க்கு எஞ்சியுள்ள காலம்.