மரத்தால் செஞ்ச கார்

'ஸ்டேஷன் வேகன்' பேர்ல இருக்கிறது ரயில்வே ஸ்டேஷன்தாங்க! அமெரிக்காவில் ரயிலில் வந்து இறங்கியவர்களை, பெட்டி படுக்கையோடு ஏற்றிப்போன மர வண்டி. 1929-ல் ஃபோர்டே மாடல் ஏ-யில் இதைக் கொண்டுவந்தது. மரம் வந்த ஊரு பேரு அயர்ன் மவுண்டன், அதாவது இரும்பு மலை 😄

மழையில் மரம் உளுத்துடும். விடாம வார்னிஷ் அடிக்கணும். 1949-ல் பிளைமவுத் முழு ஸ்டீல் வேகன் இறக்குச்சு, மத்தவங்களும் பின்னாடியே. பழைய மர வண்டி அடிமாட்டு விலைக்குப் போச்சு.

வாங்கினது யாரு? கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு ஆடுற பசங்க. நீளப் பலகை உள்ளே போகும், ராத்திரி அதிலேயே தூங்கலாம்.

இன்னைக்கு அதைப் பொக்கிஷமா வெச்சிருக்கிறவங்க உளுத்த துண்டை மட்டும் வெட்டிட்டு, புது மேப்பிள் மரம் ஒட்டுறாங்க. எங்க பாஷையில கிராஃப்ட். சிலர் என்ஜினையே மாத்திடறாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஆனா சீட் பெல்ட், டிஸ்க் பிரேக் மாட்டினா வாயே திறக்கமாட்டேன். கேஷுவாலிட்டி டியூட்டி பார்க்கிறவன் நான்.