காரியத்திலிருந்து கருத்தாவுக்கு: இறைவனை அனுமானத்தால் நிறுவும் வாதம் இந்தியாவில் வளர்ந்த வழி

இயற்கையின் அமைப்பைக் கண்டு, அதை அமைத்தவன் ஒருவன் உண்டு என்று முடிவுகட்டும் வாதத்தைப் பேசும்போது தத்துவ நூல்கள் பெரும்பாலும் வில்லியம் பேலியிடம் போய்விடுகின்றன. 1802-இல் வெளிவந்த அவருடைய நூலின் கடிகார உவமை அவ்வளவு புகழ் பெற்றது. இதற்கு நெருங்கிய உறவுடைய வாதம் ஒன்று இந்தியத் தருக்க மரபில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வடிவம் பெற்றது, தாக்கப்பட்டது, திருத்தப்பட்டது. அந்த வரலாற்றைத் தொடர்ந்து படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. வாதத்தை வளர்த்ததில் ஆதரவாளர்களைவிட எதிரிகளின் பங்கே பெரிது. பௌத்தரும் மீமாம்சகரும் போட்ட ஒவ்வொரு தடையும் அதை வேறொரு பாதையில் திருப்பியது. அப்படி நேர்ந்த பெரிய திருப்பம் ஒன்று, பதின்மூன்றாம் நூற்றாண்டில், தமிழிலேயே நிகழ்ந்தது.

தொடக்கம் எளியது. நியாயம் என்னும் தருக்க மரபின் மூலநூலான நியாய சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் கடவுளைப் பற்றி வருவன மூன்றே சூத்திரங்கள். மனித முயற்சி சில வேளைகளில் பலன் தராமல் போவதேன் என்ற கேள்வியை ஒட்டி அவை வருகின்றன. உலகின் அமைப்பைப் பற்றிய வியப்பு அங்கே இல்லை. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தியோதகரர்தான் வாதத்துக்கு உரம் ஏற்றினார். அணுக்கள் அறிவற்றவை, வினையும் அறிவற்றது. தச்சன் கை படாமல் கோடரி வெட்டாது. ஆகவே இவற்றை இயக்க அறிவுள்ள ஒருவன் வேண்டும் என்றார். பின்வந்த நையாயிகர், அதாவது நியாய மரபினர், இதைச் சுருக்கி முறையான அனுமானமாக்கினர். நிலம், முளை முதலியன கருத்தாவை உடையன; அவை காரியங்கள் ஆதலால்; குடம் போல.

இவ்வனுமானத்துக்கும் பேலியின் வாதத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பேலிக்கு, கண்ணின் நுட்பம் போன்ற அரிய பொறியமைப்பு தேவைப்பட்டது. நையாயிகருக்கு அந்த வியப்பு தேவையில்லை. வெறும் புல்லும் மலையும் போதும். ஒரு காலத்தில் இல்லாதிருந்து பின் தோன்றியது என்பதே ஏது, அதாவது முடிவுக்குக் காட்டும் காரணம். இதனால் வாதத்தின் பரப்பு விரிந்தது. தாக்குவதற்கான இடமும் விரிந்தது.

அந்த இடத்தை மிகத் துல்லியமாகக் கண்டவர் ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தரான தருமகீர்த்தி. பிரமாணவார்த்திகத்தில் அவர் கேட்பது இது: குடத்தின் அமைப்பைக் கண்டு குயவனை உய்த்துணர்கிறோம் என்றால், குயவன் இருக்கும்போது குடம் உண்டாவதையும் இல்லாதபோது உண்டாகாமையையும் முன்பே கண்டிருக்கிறோம். மலையின் அமைப்பில் அப்படி எதைக் கண்டோம்? ‘அமைப்பு’ என்ற சொல் மட்டுமே இரண்டுக்கும் பொது. புகை வெண்மையானது என்பதற்காக வெண்ணிறப் பொருள் எதைக் கண்டாலும் நெருப்பை ஊகிக்கலாமா? மண்ணின் விகாரம் என்பதொன்றே போதுமானால், புற்றையும் குயவன்தான் செய்தான் என்று கொள்ள வேண்டிவரும். இந்த எடுத்துக்காட்டு சிறியதுதான். ஆனால் இதைவிடக் கூர்மையான தடையை இவ்வாதம் எங்கும் சந்தித்ததாக எனக்குத் தோன்றவில்லை. புற்று மண்ணால் ஆனது, வடிவம் உடையது, பயன்பாடும் உடையது. ஆனால் அதைச் செய்தவை கறையான்கள் என்பதை யாவரும் அறிவர்.

மீமாம்சகரான குமாரிலரின் தாக்குதல் வேறு வகையானது. கருத்தாவுக்கு உடல் உண்டா? உண்டெனில் அதைச் செய்தவர் யார்? இல்லையெனில் உடலற்றவன் எப்படிச் செய்வான்? கருணையால் படைத்தான் என்றால், படைப்புக்கு முன் இரங்கத்தக்க உயிர்தான் ஏது? படைத்த உலகிலோ துன்பம் நிறைந்திருக்கிறதே! உலகம் முழுதும் ஒருங்கே அழிந்து மீண்டும் தோன்றியது என்பதையே குமாரிலர் ஏற்கவில்லை.

நையாயிகர் பின்வாங்கவில்லை. உழாமல் விதைக்காமல் தானே முளைக்கும் காட்டுச் செடியை எதிரி காட்டினால், அதுவே இப்போது ஆராயப்படும் பக்கம் (நிறுவ எடுத்துக்கொண்ட பொருள்), அதைக் கொண்டு ஏதுவைக் குலைக்க முடியாது என்றனர். தருக்க விதிப்படி இது முறையான விடை. ஆயினும் வழக்குக்குட்பட்ட பொருளையே அரணாக்கிக்கொள்ளும் விடை என்ற குறை இதில் இருக்கிறது. தம் இலட்சணாவலியை 984-இல் எழுதிய உதயனர், நியாயகுசுமாஞ்சலியில் முழுப் போரையும் நடத்தினார். அந்நூலின் ஐந்து பகுதிகளில் முதல் நான்கும் எதிர்வாதங்களுக்கான விடைகள். நேரான நிரூபணம் ஐந்தாவதில்தான் வருகிறது. காரியமாதல், அணுக்கள் ஒன்றுசேர்தல், உலகு விழாமல் தாங்கப்படுதல், தொழிற்கலைகள் வழிவழியாகக் கற்பிக்கப்பட்டு வருதல் என ஏதுக்களை அவர் அடுக்குகிறார். மறுநூற்றாண்டில் விக்கிரமசீலத்துப் பௌத்தரான இரத்தினகீர்த்தி இதே வாதத்தை மறுக்கத் தனி நூல் எழுதினார்.

இதன்பின் நடந்தது பலருக்கு வியப்பளிக்கும். வாதத்தை அடுத்து மறுத்தவர் ஒரு வைணவ ஆசாரியர். இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்மம் சாத்திரத்தால் மட்டுமே அறியப்படும் என்ற சூத்திரத்துக்கு உரை செய்யும்போது, அனுமானத்தை மறுக்க எதிரிகளின் கருவிகளையே எடுத்தாள்கிறார். நிலமும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டன என்பதற்கு என்ன சான்று? புண்ணிய மிகுதியால் ஆற்றல் பெற்ற பல உயிர்கள் வெவ்வேறு காலங்களில் செய்திருக்கலாமே! குயவனைப் போன்ற கருத்தாவை நிறுவினால், குயவனைப் போல் உடலும் குறைவான அறிவும் உடைய ஒருவனே கிடைப்பான். டேவிட் ஹியூமின் உரையாடல்கள் அவர் இறந்தபின் 1779-இல் அச்சேறியபோது ஐரோப்பா கேட்ட தடைகளுள் சில இவை. ஆனால் ஹியூம் ஐயவாதி. இராமானுசரோ இறைவனிடம் முற்றாகச் சரணடைந்தவர். அனுமானத்தால் கிடைக்கும் சிறிய கடவுள் தமக்கு வேண்டாம் என்ற பற்றின் உறுதியே அவரை இந்த மறுப்புக்குக் கொண்டு வந்தது என்பது என் வாசிப்பு.

சைவ சித்தாந்தம் இதற்கு நேர் எதிர்த்திசையில் சென்றது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் அளவையியல் அதற்கு முன்பே மணிமேகலையின் 29-ஆம் காதையில் விரிவாகத் தமிழில் பேசப்பட்டிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களால் ஆனது; முதல் நூற்பாவே இறைவனின் உண்மைக்கான அனுமானம். ஆண், பெண், அஃறிணை எனப் பகுத்துச் சுட்டி அறியப்படும் உலகம், தோன்றி நின்று அழியும் மூன்று நிலை உடையது. ஆகவே அதற்குக் கருத்தா உண்டு. உலகம் என்றும் இப்படியே இருந்தது என்ற மீமாம்சகருக்கு விடை, அதன் பகுதிகள் அழியக் காண்கிறோம் என்பது. பலர் செய்திருக்கலாமே என்ற ஐயத்துக்கும் இங்கே இடமில்லை. யாவும் ஒடுங்கும்போது எஞ்சி நிற்பவனிடமிருந்துதான் யாவும் மீளத் தோன்ற முடியும். எனவே ஒடுக்குபவனே முதல்வன்.

அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பழைய குயவனை மீண்டும் அழைத்து வருகிறது. மண் போல மாயை முதற்காரணம், தண்டசக்கரம் போலச் சத்தி துணைக்காரணம், குயவன் போல இறைவன் நிமித்த காரணம். உவமை பழையதானாலும் பொருள் மாறிவிட்டது. நியாயத்தில் குடம் புதிதாகப் பிறக்கிறது. சித்தாந்தத்தில் மாயையுள் நுண்மையாக இருந்ததே வெளிப்படுகிறது. அதைவிடப் பெரிய மாற்றம், குமாரிலரின் கருணைக் கேள்விக்குக் கிடைத்த விடை. உயிர்கள் படைக்கப்பட்டவை அல்ல; அவை அநாதியாகவே மலம் என்னும் மாசில் கட்டுண்டு கிடக்கின்றன. ஆகவே படைப்புக்கு முன்னும் இரங்கத்தக்க உயிர்கள் உண்டு. படைப்பது அவற்றின் வினையைக் கழிப்பதற்கு, காப்பது வினைப்பயனை நுகர்விப்பதற்கு, அழிப்பது பிறந்து இறந்து களைத்த உயிருக்கு இளைப்பாற்றுவதற்கு. உலகின் துன்பம் வாதத்துக்கு எதிரான சான்றாக இருந்த நிலை போய், உலகு எதற்காக என்பதன் விளக்கமாக மாறியது. இந்தத் திருப்பத்தை நம் தத்துவ வரலாற்றின் பெருஞ்சாதனைகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

அதற்குரிய விலையையும் சொல்ல வேண்டும். முதல் நூற்பா, உலகம் மீளத் தோன்றுவதற்குக் காரணமாக மலத்தைச் சொல்கிறது. மலத்தின் இயல்போ நூலில் பின்னர்தான் விளக்கப்படுகிறது. உலகின் நோக்கம் உயிரின் கட்டைப் பொறுத்தது, கட்டின் உண்மை ஆகமத்தையும் பொறுத்தது. சித்தியார் காட்சி, கருதல் (அனுமானம்), உரை (ஆகமம்) என்னும் அளவைகளை முதலிலேயே வரையறுத்துக்கொண்டு தொடங்குவது இதனால்தான் என்று கருத இடமுண்டு. அனுமானத்தால் இறைவனை நிறுவ முனைந்த சித்தாந்தி, ‘உரையின் துணையின்றி முடியாது’ என்ற இராமானுசரின் எல்லைக்கு மிக அருகில் வந்து நிற்கிறார்.