மேட்டூர் நிரம்பினாலும் ஏரி நிரம்புமா? சேலம் 100 ஏரி திட்டத்தில் என்ன சிக்கல்?

மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் காவிரியில் பாயும்போதெல்லாம் சேலம் மாவட்ட விவசாயிகளுக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: பக்கத்துலயே இருக்கிற எங்க ஏரிக்கு எப்போ தண்ணி வரும்?

திட்டம் என்ன?

அணையின் உபரிநீரை சரபங்கா வடிநிலத்தில் உள்ள 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டு போவதுதான் திட்டம். மதிப்பீடு ரூ.565 கோடி. 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2021 பிப்ரவரியில் முதற்கட்டத்தை அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்தார். ஏரிகள் மேட்டில் இருப்பதால் திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம் அமைத்து, மோட்டார் மூலம் தண்ணீரை ஏற்ற வேண்டும்.

சிக்கல் 1: உபரி இருந்தால்தான் தண்ணீர்

அணை 120 அடியை எட்டினால்தான் உபரி. 2023இல் அணை நிரம்பவே இல்லை. அந்த அக்டோபரில் டெல்டா பாசனத்துக்கே தண்ணீர் நிறுத்தப்பட்டது. அணை நிரம்பும் முன்பே எடுக்கலாமே என்றால், அது டெல்டாவின் பங்கு. திட்டத்துக்கு டெல்டா விவசாயிகள் எதிர்ப்பு தெரிவித்ததும் இந்த அச்சத்தில்தான்.

சிக்கல் 2: வந்தால் மொத்தமா வரும்

2024 ஜூலை இறுதியில் விநாடிக்கு 1 லட்சம் கனஅடிக்கு மேல் வெளியேறியது. இந்த வேகத்தில் ஒரு நாளில் 8.64 டிஎம்சி போய்விடும். திட்டத்துக்குத் தேவை 0.555 டிஎம்சி மட்டுமே. அதாவது சுமார் ஒன்றரை மணி நேர வெள்ளம்! ஆனால் மோட்டார் தன் திறனுக்குத்தான் இழுக்கும். வெள்ளம் வடிந்தால் வாய்ப்பும் போச்சு.

சிக்கல் 3: கடைசி ஏரி

ஒரு ஏரி நிரம்பி வழிந்தால்தான் அடுத்த ஏரிக்குத் தண்ணீர். நடுவில் வாய்க்கால் தூர்ந்திருந்தாலோ, ஆக்கிரமிப்பு இருந்தாலோ கடைசி ஏரி காய்ந்தே கிடக்கும்.

அப்போ திட்டமே வீணா?

இல்லை. குடகு, வயநாட்டில் மழை கொட்டும்போது சேலத்தில் வெயில் அடிக்கலாம். அப்போது ஏரிக்கு வரும் தண்ணீர், சுற்றியுள்ள கிணறுகளுக்கு உயிர் கொடுக்கும். அதற்கு ஜூன் மாதத்துக்கு முன்பே வாய்க்கால்களைத் தூர்வாரி, மோட்டார்களைத் தயாராக வைக்க வேண்டும்.

எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தோம் என்பது கட்டுமானக் கணக்கு. கடைசி ஏரிக்கு எத்தனை நாள் தண்ணீர் போனது என்பதுதான் விவசாயியின் கணக்கு. உங்க ஊர் ஏரி இந்தப் பட்டியலில் இருந்தால், அடுத்த கிராம சபையில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.