மானியமும் கணக்கேடும்: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளுக்கு வெளிநிதி வந்த வரலாறு

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரி, அதாவது பள்ளிக்குப் பிந்தைய இரண்டாண்டுப் படிப்பைக் குறைந்த கட்டணத்தில் உள்ளூர் மக்களுக்கு வழங்கும் பொதுக் கல்லூரி, வெளியார் பணத்தை எதிர்பார்த்துப் பிறந்த நிறுவனம் அன்று. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பரின் ஊக்கத்தாலும் உள்ளூர்ப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரவுனின் முயற்சியாலும் தொடங்கப்பட்ட இளநிலைக் கல்லூரி, உயர்நிலைப் பள்ளியின் நீட்சியாகவே ஆறு மாணவர்களுடன் இயங்கத் தொடங்கியது. அதன் செலவு ஊர்ச் சொத்துவரியிலிருந்தே வந்தது. வரி கொடுத்தவரும் வரவுசெலவைக் கேட்டவரும் ஒரே ஊரார் என்பதால், தொலைவிலிருக்கும் அதிகாரி ஒருவருக்குக் கணக்குக் காட்டும் கலை அங்கே தேவைப்படவில்லை.

மாநிலச் சட்டம் இயற்றுவதில் கலிஃபோர்னியா முந்திக்கொண்டது. உயர்நிலைப் பள்ளிகள் மேற்படிப்பு நடத்தலாம் என்று 1907இல் சட்டம் இயற்றிய அந்த மாநிலம் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்துத்தான் மாநில உதவி வந்தது. கூட்டாட்சி அரசின் நிலங்களில் எண்ணெயும் கனிமமும் எடுப்போர் செலுத்தும் உரிமத்தொகையில் மாநிலங்களுக்கும் பங்குண்டு என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தபோது, கலிஃபோர்னியா தன் பங்கைக் கொண்டு 1921இல் இளநிலைக் கல்லூரி நிதியை ஏற்படுத்தியது. மூலத்தில் அது கூட்டாட்சிப் பணமே என்றாலும், அதற்காக எந்தக் கல்லூரியும் வாஷிங்டனுக்கு விண்ணப்பம் எழுதவேண்டியிருக்கவில்லை.

நிபந்தனையுடன் கூடிய பணம் எப்படியிருக்கும் என்பதை 1917ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் காட்டியது. தொழிற்கல்விக்காக மாநிலங்களுக்கு உதவிய அச்சட்டம், ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக மாநிலமோ ஊரோ ஒரு டாலர் போடவேண்டும் என்றது; ‘இணைநிதி’ என்று பின்னர் பல மானிய விதிகளில் இடம்பிடித்த ஏற்பாடு இதுதான். உதவி பெறும் படிப்பு கல்லூரித் தரத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்ற மற்றொரு நிபந்தனைதான் இளநிலைக் கல்லூரிகளைத் திண்டாட வைத்தது. தன்னைக் கல்லூரி என்று சொல்லிக்கொண்டால் பணம் கிடையாது. பணம் வேண்டுமென்றால் தன் பட்டறை வகுப்பு கல்லூரிப் படிப்பன்று என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த நிலை மாற ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. ஜார்ஜ் ஸூக் தலைமையில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, 1947இல் வெளியிடத் தொடங்கிய அறிக்கையில் ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரைப் பரவலாக்கி, அத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெயர் மெல்ல நிலைத்தது, பணம் 1963இல்தான் வந்தது. அவ்வாண்டின் தொழிற்கல்விச் சட்டம் சமுதாயக் கல்லூரிகளின் தொழிற்பிரிவுகளையும் உதவிக்கு உரியவையாக ஏற்க, உயர்கல்விக் கட்டட வசதிச் சட்டம் இளநிலைப் பட்டக் கட்டடங்களுக்கான தொகையில் 22 விழுக்காட்டைப் பொதுச் சமுதாயக் கல்லூரிகளுக்கும் தொழில்நுட்ப நிலையங்களுக்கும் ஒதுக்கியது.

இவற்றைவிட ஆழமான தடம் பதித்தது 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் மூன்றாம் பகுதியாகும். கல்வியுலகின் மைய ஓட்டத்திலிருந்து விலகி, பிழைப்பதற்கே போராடும் ‘வளர்ந்துவரும் நிறுவனங்களை’ வலுப்படுத்துவது அதன் நோக்கம். பட்டம் வழங்கும் கல்லூரிகளுக்கு 78 விழுக்காடு போக, எஞ்சிய 22 விழுக்காடு இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கு விடப்பட்டது. ஆனால் இது கட்டட மானியம் போன்றதன்று. எந்தக் குறையை, எத்தனை ஆண்டில், எந்தப் பணியாளரைக் கொண்டு, எப்படி நீக்கப்போகிறோம் என்று எழுதிக் காட்டி, பிற கல்லூரிகளுடன் போட்டியிட்டு வெல்லவேண்டிய பணம். அப்படி எழுதத் தெரிந்த ஆளை வைத்துக்கொள்ள வசதியுள்ள கல்லூரிக்கே அது எளிதில் கிட்டியது. எவருக்காகத் திட்டம் வகுக்கப்பட்டதோ, அவருக்கு விண்ணப்பம் எழுத ஆளில்லை. ‘வளர்ந்துவரும் நிறுவனம்’ என்றால் எது என்பதையே திட்டம் தெளிவாக வரையறுக்கவில்லை என்று 1979இல் அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் குறைகூறியது. அந்தக் குறைகூறல் நியாயமானதே. ஆயினும் தெளிவான வரையறை இருந்திருந்தாலும், எழுதத் தெரிந்தவர் முந்துவதை அது தடுத்திருக்குமா என்பது ஐயமே. மானிய அலுவலகம் என்ற தனிப் பிரிவு கல்லூரிக்குக் கல்லூரி முளைத்ததற்கு இந்தப் போட்டியே பெருங்காரணம் எனலாம்.

அலுவலகத்தின் வேலை விண்ணப்பத்தோடு முடிவதில்லை. நம் நாட்டுக் கல்லூரிகளில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பிப் பழகியவர்களுக்கு இதன் சுவை ஓரளவு தெரியும். அமெரிக்க விதிகள் இன்னும் நுணுக்கமானவை. கல்லூரி ஏற்கெனவே செய்துவந்த செலவை மானியத்தின் தலையில் கட்டக் கூடாது, கூடுதலாகச் செய்வதற்கே அதைப் பயன்படுத்தவேண்டும் என்பது பல திட்டங்களின் அடிப்படை விதி. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் பாதி மானியத்திலிருந்து போனால், அவர் தம் உழைப்பில் எத்தனை விழுக்காட்டை அந்தத் திட்டத்துக்கு உண்மையில் செலவிட்டார் என்பதை, திட்டமிட்டபடி அன்றி நடந்தபடி, பருவத்துக்கு ஒருமுறையோ குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ சான்றளிக்கவேண்டும் என்ற நடைமுறை நெடுங்காலம் நிலவியது. மானியத்தில் வாங்கிய கடைசல் இயந்திரம் ஒன்று பட்டறையின் மூலையில் நின்றால், அதன் வரிசை எண், வாங்கிய நாள், விலை, விலையில் கூட்டாட்சிப் பங்கு எத்தனை விழுக்காடு, இப்போது எந்த அறையில், எந்நிலையில் இருக்கிறது என்பவை அனைத்தும் இருப்புப் பதிவேட்டில் இருந்தாகவேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் ஒருவர் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த இயந்திரத்தின் முன்னால் போய் நின்று சரிபார்த்தாகவேண்டும்.

இத்தனை வேலைக்கும் ஆகும் செலவை யார் கொடுப்பது? விளக்கு, கூரை, கணக்கர் சம்பளம் போன்று எந்த ஒரு திட்டத்தின் பெயரிலும் நேரே எழுத முடியாதவற்றை மறைமுகச் செலவு என்பர். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் அரசுடன் பேசி, நேரடிச் செலவில் பாதிக்கும் மேற்பட்ட விகிதத்தை இதற்காகப் பெற்றுவருவதுண்டு. சமுதாயக் கல்லூரிகள் மிகுதியாக நாடும் கல்வித்துறையின் பயிற்சி மானியங்களிலோ இதற்கான உச்சவரம்பு 8 விழுக்காடு. கணக்கில் சேரும் நேரடிச் செலவு 2,50,000 டாலர் என்றால், மறைமுகச் செலவாகக் கிடைப்பது அதிகபட்சம் 20,000 டாலர். அதில் கணக்கர் ஒருவரின் ஆண்டுச் சம்பளம்கூட அடங்காது. சிறிய கல்லூரிகளுக்கு மானியம் கிடைப்பதே சுமையாவது இங்குதான்.

தணிக்கையும் ஒரு காலத்தில் இதே போன்ற சுமையாக இருந்தது. பணம் கொடுத்த ஒவ்வொரு துறையும் தனித்தனியே ஆளனுப்பிக் கணக்குப் பார்த்துவந்த வழக்கத்துக்கு மாறாக, ஆண்டுக்கு ஒரே தணிக்கையில் எல்லா மானியங்களையும் அடக்கும் முறையை 1984ஆம் ஆண்டின் ஒற்றைத் தணிக்கைச் சட்டம் கொண்டுவந்தது. வெவ்வேறு சுற்றறிக்கைகளில் சிதறிக் கிடந்த விதிகள் 2013 டிசம்பரில் ஒரே தொகுப்பாக வெளியிடப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தபோது, அரசுடன் விகிதம் பேசி முடிக்காத நிறுவனங்களும் 10 விழுக்காடு மறைமுகச் செலவைக் கோரலாம் என்ற சலுகை கிடைத்தது; 2024இல் அது 15 ஆனது. பயிற்சி மானியங்களின் 8 விழுக்காட்டு வரம்பை இச்சலுகை தொடவில்லை.

இதற்கிடையே, இரண்டாண்டுக் கல்லூரிகளையே முன்னிறுத்தும் திட்டங்களும் வந்தன. 1992ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழியாகத் தேசிய அறிவியல் நிறுவனம் தொழில்நுட்பர்களை உருவாக்கும் படிப்புகளுக்கு நல்கை தரத் தொடங்கியது. அதனினும் பன்மடங்கு பெரியது, இறக்குமதிப் போட்டியால் வேலையிழந்தோருக்குப் பயிற்சியளிக்கத் தொழிலாளர் துறை 2011 முதல் 2014 வரை நான்கு சுற்றுகளாக வழங்கிய ஏறத்தாழ 200 கோடி டாலர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு குறைந்தபட்சப் பங்கு உறுதி செய்யப்பட்டதால், போட்டியில் வழக்கமாகத் தோற்கும் பகுதிகளுக்கும் ஓரளவு பணம் போய்ச் சேர்ந்தது. இந்தப் பணத்தில் உருவாகும் பாடங்களை எவரும் இலவசமாக எடுத்தாளத்தக்க உரிமத்துடன் வெளியிடவேண்டும் என்ற நிபந்தனை அந்நாளில் புதுமையானது. நல்கைக் காலம் முடிந்ததும், அதைக் கொண்டே சம்பளம் பெற்ற ஒருங்கிணைப்பாளர், ஆலோசகர் பணியிடங்களைத் தொடரக் கல்லூரிகள் தம் சொந்த நிதியைத் தேடவேண்டியிருந்தது. பற்றவைப்பு முதல் செவிலியர் உதவியாளர் பணி வரையிலான பாடங்கள் திறந்த களஞ்சியத்தில் எவரும் எடுக்கத்தக்கனவாக இருந்தன. இயந்திரங்கள் பட்டறைகளில், பதிவேட்டு எண்ணை ஒட்டிக்கொண்டு நின்றன.