திருகோணமலை மாவட்ட வைத்தியசாலைகளில் கொள்ளைநோய் ஆயத்தம்

கொடிய தொற்றுநோய் பரவும்போது அதை முதலில் கண்ணால் காண்பதும் கையால் தொடுவதும் வைத்தியசாலைப் பணியாளர்களே. நோயை உரிய நேரத்தில் இனங்காண்பது, தாம் அதற்கு இரையாகாமல் இருப்பது, பக்கத்துக் கட்டிலுக்கு அதைக் கடத்தாமல் இருப்பது ஆகிய மூன்றுக்கும் அவர்கள் முன்கூட்டியே பெற்றிருக்கும் பயிற்சியும் பொருளும் ஆளணி ஒழுங்குமே ஆயத்தம் எனப்படும். திருகோணமலை மாவட்டத்தில் இப்பொறுப்பு நகரிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலையையும் கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகளையும் சிறிய பிரதேச வைத்தியசாலைகளையும் சார்ந்துள்ளது. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று இங்கிருப்பதால் இம்மாவட்டத்துக்கு நோய் கடல் வழியாக வந்திருக்கிறது. இங்கிருந்து கடல் வழியாகப் போயும் இருக்கிறது.

பெயரும் வகையும்

ஊர் வழக்கில் கொள்ளைநோய் என்றால் முதலில் வாந்திபேதியும் வைசூரியுமே. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியார் வராமல் தடுப்பதும், நோயாளிக்குத் தனிப்பாய் ஒதுக்குவதும் தமிழர் வீடுகளில் நெடுங்காலம் இருந்த நடைமுறை. தெய்வ நம்பிக்கையோடு கலந்திருந்தாலும் தனிமைப்படுத்தலின் அடிப்படை அதில் முழுதாக இருந்தது. இன்றைய வைத்தியசாலை வகைப்பாடு நோயின் பெயரைப் பார்ப்பதில்லை, அது செல்லும் வழியைப் பார்க்கிறது: தொடுகை, நீர்த்திவலை, காற்று. கொசு கடத்தும் நோய்கள் இவற்றுக்குப் புறம்பானவை. ஆனாலும் விடுதியில் படுத்திருக்கும் டெங்கு நோயாளியைக் கொசுவலைக்குள் வைக்காவிட்டால் விடுதியே பரவலின் மையமாகிவிடக்கூடும். எனவே அதையும் இங்கே சேர்த்தே பேச வேண்டும்.

தொடக்க வரலாறு

1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்சின் தந்தை, மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய பிரித்தானியப் படைகளைப் பெரிபெரி வாட்டியது. கால் வீங்கி மூச்சுத் திணறி சிப்பாய்கள் இறந்ததைப் படை மருத்துவர்கள் இவ்விடத்துக் காற்றின் கெடுதல் என்று கணித்தார்கள். அது உணவில் உயிர்ச்சத்துக் குறைவால் வருவது என்று தெரிய மேலும் நூறாண்டு ஆயிற்று. தொற்றாத நோயைக் காற்றின் தலையில் சுமத்திய அதே கண்தான், தொற்றும் நோயையும் பின்னர் காணத் தவறியது.

வைசூரியில் நிலைமை மேலாக இருந்தது. ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலத்தில் முக்கிய நகரங்களில் வைசூரி மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. 1802இல் வைசூரித் தடுப்பூசியான அம்மைப்பால் தீவுக்கு வந்தது. மருத்துவ மேலதிகாரி தோமஸ் கிறிஸ்டி அதற்கு முன்பிருந்த அழிவை 1811இல் தனி நூலாகவே எழுதினார். அம்மைப்பால் குத்தும் வேலைக்கு உள்ளூராரும் அமர்த்தப்பட்டார்கள். இம்மண்ணின் மக்கள் பொதுச் சுகாதாரப் பணிக்கென்று பயிற்றப்பட்ட முதல் சந்தர்ப்பங்களுள் இது ஒன்று.

வாந்திபேதிதான் பெரும் பாடம். 1817இல் வங்காளத்தின் ஜெசோரில் வெடித்த நோய் 1818 இறுதியில் இலங்கையில் கரையேறியது. 1819 ஒக்டோபரில் டோபாஸ் என்ற போர்க்கப்பல் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, மாதக் கடைசியில் மொரீசியஸ் தீவின் போர்ட் லூயிஸை அடைந்தது. நவம்பரில் அங்கே வாந்திபேதி தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் அடிமைகள், மாண்டார்கள். நோய் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை என்பது அக்கால மருத்துவர் பலரின் கட்சி. கப்பல் வந்த நாளும் நோய் தொடங்கிய நாளும் அருகருகே நிற்கையில் அந்தக் கட்சிக்கு இடமில்லை. திருகோணமலையில் தொற்று ஏறியவர்களைக் கப்பலில் ஏற்றாமல் நிறுத்தும் அறிவு கரையிலிருந்த யாருக்கும் இருக்கவில்லை. குடிநீர் வழியே அது பரவுகிறது என்று மருத்துவர் ஜோன் ஸ்னோ 1854இல் லண்டனில் காட்டும் வரை, வாந்தியையும் மலத்தையும் அள்ளிக் கொட்டிய மருத்துவமனை ஏவலாளர்களுக்குத் தங்கள் கையில் ஒட்டியிருப்பது என்னவென்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

பணியாளர் பயிற்சியின் வரலாற்றில் யாழ்ப்பாணத்தை விட்டுவிட முடியாது. 1847இல் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்டோருக்கு மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் முழுக்கத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு ஆகிய துறைகளில் தமிழ் நூல்களும் தந்தார். நோயாளியிடம் பேசும் மொழியிலேயே நோயைப் படித்த மருத்துவர் தலைமுறை ஒன்று அப்படி உருவானது. அந்த வழி தொடரப்படாமல் போனது பெரும் இழப்பு.

சட்டம்

பம்பாயில் 1896இல் பிளேக் பரவியதையடுத்து 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. கப்பலை நிறுத்தவும் ஆட்களைப் பிரித்து வைக்கவும் அது அதிகாரம் அளித்தது. கொவிட்-19 காலக் கட்டுப்பாடுகளும் இதே சட்டத்தின் கீழேயே விதிக்கப்பட்டன. துறைமுகத்தைக் காப்பதில் காட்டிய அக்கறையை அச்சட்டம் விடுதியில் நிற்கும் பணியாளரைக் காப்பதில் காட்டவில்லை.

மலேரியா

இம்மாவட்டம் நெடுங்காலம் மலேரியா நிலம். 1963இல் தீவு முழுவதும் 17 பேருக்கு மட்டுமே நோய் இருந்தது. கண்காணிப்புத் தளர்ந்ததும் சில ஆண்டுகளில் அது பெருந்தொற்றாகத் திரும்பியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இன்று பணிக்கு வரும் இளம் மருத்துவரும் தாதியும் மலேரியா நோயாளியைப் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். காய்ச்சலோடு வருபவரிடம் “அண்மையில் எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள்?” என்று கேட்டு, இரத்தப் பூச்சு எடுக்க நினைவு வைத்திருப்பதே இங்கு ஆயத்தம்.

அனர்த்தங்களும் டெங்குவும்

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை கிண்ணியா வைத்தியசாலையைச் சூறையாடியது; அஞ்சப்பட்ட கொள்ளைநோய் வரவில்லை. உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்டத்தில், 2009 பெப்ரவரி 10இல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் போர்முனையிலிருந்த புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டோரையும் நோயாளரையும் கடல்வழியே திருகோணமலைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. மார்ச்சில் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு கள வைத்தியசாலை அமைத்தது. ஆறாத காயம், பட்டினி, நெரிசல் என்று தொற்றுக்கு வேண்டிய எல்லாமே அந்தக் கப்பல்களில் சேர்ந்தே வந்தன.

2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. மார்ச்சில் கிண்ணியா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெங்குவில் உயிரைக் காப்பது மருந்தல்ல, கணக்கு. குருதிக் குழாயிலிருந்து நீர் கசியும் இரண்டு நாளில் 50 கிலோ எடையுள்ளவருக்கு வாய்வழியும் நாளம் வழியுமாகச் சேர்த்து ஏறத்தாழ 4,600 மில்லிலீற்றர்தான் அளவு. குறைந்தால் அதிர்ச்சி நிலை, மிகுந்தால் நுரையீரலில் நீர். குடித்த ஒவ்வொரு கோப்பையும் கழித்த சிறுநீரும் தாளில் ஏற வேண்டும். சில மணிக்கொரு முறை குருதியடர்வு பார்க்க வேண்டும். ஒரு தாதி இரவில் எத்தனை நோயாளரை இப்படிக் கவனிக்க முடியும் என்பதில்தான் சாவின் எண்ணிக்கை தங்கியிருக்கிறது.

கொவிட்-19ம் இன்றைய நிலையும்

2020 ஜனவரி 27இல் இலங்கையின் முதல் கொவிட் நோயாளி உறுதியானார்; 2021 ஜனவரி 29இல் சுகாதாரப் பணியாளருக்குத் தடுப்பூசி தொடங்கியது. இடைப்பட்ட ஓராண்டு காப்பங்கியே கதி. அங்கியை அணிவதைவிடக் கழற்றுவதே ஆபத்து: வியர்வையில் நனைந்து களைத்த கை, வெளிப்புறம் உள்ளே மடியுமாறு சுருட்டி இறக்க வேண்டும், முகக்கவசம் கடைசியில், ஒவ்வொரு படிக்கும் கை சுத்தம், எதிரே நின்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். 2003 சார்ஸில் நோயுற்ற 8,096 பேரில் 1,706 பேர் சுகாதாரப் பணியாளர். இப்பயிற்சி, மருத்துவரோடும் தாதியரோடும் நின்றுவிடக் கூடாது. படுக்கை விரிப்பை மாற்றும், தள்ளுவண்டி உருட்டும் சிற்றூழியரையும் அது சென்றடைய வேண்டும். கொவிட்டில் இறந்தோரின் உடலைக் கட்டாயமாக எரிக்கும் விதி 2021 பெப்ரவரி வரை நீடித்தது. இறந்தோரை அடக்கம் செய்யும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் கிண்ணியாவிலும் மூதூரிலும் வைத்தியசாலை மீதான நம்பிக்கையைக் குலைத்த தவறு அது.

2022 பொருளாதார நெருக்கடியின் பின் மருந்துத் தட்டுப்பாடும் மருத்துவர், தாதியர் வெளியேற்றமும் நாடு முழுவதையும் போல இம்மாவட்டத்தையும் தொட்டன. இந்நிலையிலும், அறிவிக்க வேண்டிய நோய் என்ற ஐயம் எழுந்ததும் நோய் அறிவித்தற் படிவமான எச் 544 சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போக வேண்டும். ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.